இடப்பக்கத்து மவுஸ்

கம்ப்யூட்டரை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதில்தான் அன்று காலை அந்த வீட்டில் முதல் சத்தம் எழுந்தது. ஐஸ் பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது. எட்டுக்குப் பத்து ஹாலில் பாதியை மேசை அடைத்துக்கொண்டிருக்கிறது. தூக்குங்கப்பா, தூக்கி ஒரு ஓரமாகப் போடுங்கப்பா என்று யாரோ சொல்ல, மானிட்டரை ஒருத்தர், சிபியூவை ஒருத்தர், மேசையை இரண்டு பேர் என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். வயரைப் பிடுங்குகிற சத்தம் காதில் விழுந்ததும், வாசலில் பந்தல்காரனோடு பேசிக்கொண்டிருந்த நோயல் உள்ளே ஓடினான்.

"பாத்து தூக்குங்க. ஒடச்சிப் போட்றாதீங்க. அதுலதான் அண்ணிக்கு நோட்டீஸ் அடிக்கணும்" என்றான்.

இழுத்தவர்கள் நின்றார்கள். துக்க வீட்டில் இவன் ஒருத்தன், கம்ப்யூட்டர் கம்ப்யூட்டர் என்று அடித்துக்கொள்கிறான் என்று ஒரு பார்வை பார்த்தார்கள். பார்க்கட்டும். மானிட்டரைத் தானே இடது கையால் அணைத்துத் தூக்கி, படுக்கையறை மூலையில் இருந்த கண்ணாடி மேசைமேல் வைத்தான். மற்றவை பின்னாலேயே வந்தன.

செத்துப்போனது ரோசி. நோயலுடைய அண்ணன் அருள்பிரகாசத்தின் மனைவி. நாற்பத்தொன்பது வயது. நேற்று சாயங்காலம் மொட்டைமாடியில் காய்ந்த துணியை எடுத்துக் கரித்தூள் உதறிக்கொண்டிருந்தவள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாளாம். ஆட்டோ கல்மண்டபம் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று. நோயல் அப்போது பழவேற்காட்டில் இருந்தான். மனைவி ஜூடியின் அக்கா பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று ஞாயிற்றுக்கிழமை போனவன், செவ்வாய்க்கிழமையும் அங்கே உட்கார்ந்து இறால் தின்றுகொண்டிருந்தான். 

பின்கட்டில் தட்டியால் மறைத்துப் பெண்கள் அண்ணியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். பிலோமினா அக்கா ஈரக்கையோடு வெளியே வந்தாள். கோயில் மாதர் சபையில் பெரியவள். அந்தத் தெருவில் எந்தச் சாவுக்கும் குளிப்பாட்டி உடுத்துகிற வேலை அவளுடையதுதான்.

"நோயலு, வெள்ள கிளவுஸ் ஒரு ஜோடி வாங்கியாரச் சொல்லு. இடது மணிக்கட்டுல கரி ஏறிப்போய் கீது. நானும் சோப்பு போட்டு தேச்சித் தேச்சிப் பாத்துட்டேன், போவல. பொட்டில பட்டுப்பொடவையோட கெடக்கும்போது கலீஜா தெரியும்."

சரிக்கா என்று தலையாட்டினான். அந்த ராயபுரம் பக்கத்தில் கரி ஏறாத சாமான் எது? துறைமுகத்தில் நிலக்கரி இறக்குகிற வரைக்கும் துணியிலும் சோற்றிலும் மூக்கிலும் கரிதான். அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவனுக்கிருந்த கவலையெல்லாம் நோட்டீஸ்தான். நாலு மணிக்கு அடக்கம். மூன்றரைக்குக் கோயிலில் பூசை. அதற்குமுன் சுவரில் ஒட்டினால்தான் நாலு பேருக்குத் தெரியும். பிரஸ்காரர் பதினொன்றரைக்குள் கொடுத்தால் ஆயிற்று, இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிட்டார். இந்தத் தெரு, அடுத்த தெரு, மீன் மார்க்கெட் பக்கம் என்று ஆறு வருஷமாக யார் செத்தாலும் சுவரில் ஏறின நோட்டீஸ் இந்த ஹாலில் அடித்ததுதான். வாசலில் சின்னதாக ஒரு போர்டு: ரோசி டி.டி.பி. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, முதல் நன்மை, சாவு, முப்பதாம் நாள் நன்றி அறிவிப்பு. காலையில் அண்ணி அடிப்பாள், பத்து மணிக்குமேல் நோயல். அண்ணிக்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. செத்தவர் பேரை இரண்டு வரியில் உடைக்கக் கூடாது. எவ்வளவு நீளப் பேராக இருந்தாலும் சரி, எழுத்தைச் சின்னதாக்கு, ஓரத்தை ஒதுக்கு, என்ன வேண்டுமானாலும் செய், பேர் ஒரே வரியில் நிற்க வேண்டும். உயிரோடு இருந்தபோது அந்தாளை எவ்வளவோ உடைத்தாகிவிட்டது, இதிலாவது முழுசாக நிற்கட்டும் என்பாள். சொல்லிவிட்டுச் சிரிப்பாள்.

"என் நோட்டீஸ நீதான் அடிக்கணும் நோயலு. எங்க வூட்டுக்காரரு பேரு நீளத்துக்கு, வேற எவன் அடிச்சாலும் ஒடச்சிப்புடுவான்" என்று போன கிறிஸ்துமஸுக்குக்கூடச் சொன்னாள். அவனும் சிரித்தான். இப்போது அந்த வேலை வந்து நிற்கிறது.

அண்ணியின் தம்பி மகன் லூயிஸ் தரமணியில் ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறவன். கழுத்தில் அடையாள அட்டையோடு அப்படியே வந்திருந்தான். அவன் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை. எதுக்கு மாமா கஷ்டப்படுறே, பக்கத்துல பிரவுசிங் சென்டர்ல பத்து நிமிஷத்துல அடிச்சிட்டு வந்துர்றேன் என்றான். கூட இருந்தவர்களும் அதுதான் சரி என்றார்கள்.  முடியாது என்று சொல்ல நோயலுக்கு என்ன உரிமை? வலது கையில் கட்டைவிரல் மட்டும் வைத்திருப்பவன், இன்றைக்குப் பார்த்து நான்தான் அடிப்பேன் என்று நின்றால் பைத்தியம் என்பார்கள்.

கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அருள்பிரகாசம் திரும்பினார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். சாதாரண நாளிலேயே அளந்துதான் பேசுவார். நேற்றிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

"நோயலு அடிப்பான்" என்றார். மறுபடி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நோயல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். மெஷின் ஓடியது. மவுஸுக்கு அடியில் சிவப்பு வெளிச்சமும் வந்தது. ஆனால் கையை நகர்த்தினால் திரையில் அம்பு நகரவில்லை. நின்ற இடத்திலேயே உதறியது, திடீரென்று மூலைக்குப் போய் ஒட்டிக்கொண்டது. பின்னால் நின்ற ஒருவர், மவுஸ் போயிடுச்சிபோல, தூக்கும்போதே நெனச்சேன் என்றார். போகவில்லை. அது கண்ணாடி மேசை. இந்த லைட்டு மவுஸுக்குக் கண்ணாடிமேல் ஒன்றும் தெரியாது. அடியில் துணியோ காகிதமோ இருக்க வேண்டும். அதற்கென்று அண்ணி ஒரு அட்டை வைத்திருந்தாள். தூக்கிய களேபரத்தில் அதைக் காணோம்.

ஒரு வெள்ளைத்தாளை வைத்துக்கொண்டே அடித்திருக்கலாம். ஆனால் அவனுக்கு அந்த அட்டைதான் வேண்டியிருந்தது. நீ மெஷினைப் பாத்துக்கோ என்று லூயிஸை உட்காரவைத்துவிட்டுத் தேடப் போனான்.

காலண்டர் அட்டைதான் அது. மேலே நீலத் துணி ஒட்டியிருக்கும். அந்தத் துணி நோயலுடைய பழைய கம்பெனி யூனிபாரம். திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு தகரப் பட்டறையில் பிரஸ் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தபோது போட்டது. இரண்டாயிரத்தில், கிறிஸ்துமஸுக்கு ரெண்டு வாரம் இருக்கும்போது, மிஷின் ஒருமுறை கூடுதலாக இறங்கிவிட்டது. நாலு விரல் போயிற்று. அதற்கப்புறம் எட்டு மாசம் அவன் கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வீட்டை விட்டு வரவில்லை. கோயிலுக்குக்கூடப் போகவில்லை. பூசையில் நன்மை அப்பம் வாங்கக் கையை நீட்ட வேண்டுமே.

அப்போதுதான் அண்ணி ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கிப்போட்டாள். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸானவள்; துறைமுக ஏஜென்ட் ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்து, ஆபீஸ் மூடியதும் வீட்டிலிருந்தாள். ஒரு நாள் நோயல் வீட்டுக்கு வந்து, எனக்குத் தனியா ஆவாது, நீ வந்து கூட குந்து என்று கூப்பிட்டாள். பாவம் பார்க்கிற தொனி கொஞ்சமும் இல்லை. என்னமோ அவளுக்குத்தான் உதவி தேவை என்பதுபோலச் சலித்துக்கொண்டு கூப்பிட்டாள். மெஷின் மாட்ட வந்த வேலப்பன், மவுஸை இடப்பக்கம் வைத்து, பட்டன்களையும் இடது கைக்குத் தோதாக மாற்றிக்கொடுத்தான். இடது கை ஆள்காட்டி விரலால் தட்டினால் வேலை நடக்கும். முதல் நாள் அவன் தட்டித் தட்டிப் பார்த்துச் சிரித்தான். எட்டு மாசத்துக்கப்புறம் சிரித்தான் என்று ஜூடி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அந்த முதல் வாரத்திலேயே ஒரு கூத்து நடந்தது. காலையில் அண்ணி தன் வலது கைக்குப் பட்டனை மாற்றிக்கொண்டு வேலை பார்த்தவள், திருப்பி மாற்றிவைக்க மறந்துவிட்டாள். நோயல் வந்து உட்கார்ந்து தட்டினான். தட்டினால் வேறென்னவோ பட்டியல் விரிகிறது. மறுபடி தட்டினான், மறுபடி அதே. இடது கையும் போச்சு, இதுக்கும் நாம லாயக்கில்லை என்று எழுந்து போனவன்தான். நாலு நாள் வரவில்லை. அஞ்சாம் நாள் அண்ணியே வந்து, என் தப்புதான் நோயலு, இனிமே தெனம் நீ வர்றதுக்குள்ள மாத்தி வச்சுடுறேன், ரெண்டு நிமிஷ வேலை என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லி அழைத்துப்போனாள். அதற்கப்புறம் ஒரு நாள்கூட மறக்கவில்லை. ஆறு வருஷம். அவன் சைக்கிள் ஸ்டாண்டு போடுகிற சத்தம் கேட்டால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். அவன் உட்காரும்போது எல்லாம் அவன் பக்கம் தயாராக இருக்கும்.

அட்டை கடைசியில் டீக் கேனுக்கு அடியில் கிடைத்தது. தரை சுடக் கூடாதென்று யாரோ கரிசனத்தோடு எடுத்து வைத்திருக்கிறார்கள். நோயல் கேனைத் தூக்கச் சொல்லி அதை உருவி, ஈரத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனான்.

நடுவில் இந்த மவுஸ் வந்த கதையும் உண்டு. முதலில் இருந்தது உருண்டை மவுஸ். ராயபுரத்துக் கரித்தூள் அதன் வயிற்றுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். வாரத்துக்கொரு தரம் மூடியைத் திருகித் திறந்து, உருண்டையை எடுத்து, உள்ளே இருக்கிற சின்ன உருளைகளை நகத்தால் சுரண்ட வேண்டும். ரெண்டு கை வேண்டிய வேலை. அண்ணி இல்லாத ஒரு நாள் நோயல் மவுஸை முழங்கால் இடுக்கில் வைத்துத் திருகினான். உருண்டை தெறித்து பீரோவுக்கடியில் போய்விட்டது. தரையில் குப்புறப் படுத்துத் துடைப்பத்தால் துழாவிக்கொண்டிருந்தவனை அண்ணி வந்து பார்த்துவிட்டாள்.  அந்த வாரமே ரிச்சி தெருவுக்குப் போய் உருண்டையே இல்லாத மவுஸ் ஒன்றை வாங்கிவந்தாள். திருப்பி வைத்து, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தச் சிவப்பு வெளிச்சத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். "இதுக்கு உள்ள கரி போவாது நோயலு. அழுக்கானா வேட்டி முனையால ஒரு தொட தொடச்சா போதும். ஒரு கை போதும்" என்றாள். ஒரு கை போதும் என்பதை ஏதோ மவுஸின் பெருமைபோலச் சொன்னாள்.

உள்ளே லூயிஸ் ஒரு வெள்ளைத்தாளை விரித்து, அதன்மேல் மவுஸை வலது கையில் பிடித்துக்கொண்டிருந்தான். அண்ணி கடைசியாக அடித்துக்கொண்டிருந்த ஃபைலைத் திரையில் திறந்து வைத்திருந்தான். அடுத்த தெரு பட்டம்மாள் பேத்திக்குச் சடங்குப் பத்திரிகை. ஓரத்தில் மஞ்சளும் மாவிலையும் வரைந்து, பெண் பேருக்கு இடம் விட்டு, பாதியில் நின்றிருந்தது. இனி அதையும் முடித்துக்கொடுக்க வேண்டும்.

லூயிஸ் எழுந்து இடம் விட்டான். நோயல் மவுஸை இடப்பக்கம் கொண்டுவந்து நீலத் துணிமேல் வைத்தான். அம்பு சமத்தாக நகர்ந்தது. தட்டினான். வேறென்னவோ பட்டியல் விரிந்தது. மறுபடி தட்டினான். மறுபடி அதே.

 ஆறு வருஷத்துக்கு முந்தைய அந்தக் காலை அப்படியே திரும்பி வந்து நின்றதுபோல இருந்தது. இந்தத் தடவை வீட்டுக்கு வந்து அழைத்துப்போக ஆளில்லை.

"சாரி மாமா, நாந்தான் மாத்தினேன். பட்டனெல்லாம் உல்ட்டாவா இருந்துச்சி, உன் கைக்காகன்னு தோணல" என்று லூயிஸ் குனிந்து, ரெண்டு தட்டில் பழையபடி மாற்றிவிட்டான். நோயலுக்கு மூச்சு வந்தது.

"அத்தைக்கும் இடது கைப் பழக்கமா மாமா?"

"இல்லடா. காலைல அண்ணி அவங்களுக்குத் தோதா மாத்திக்குவாங்க. நான் வர்றதுக்குள்ள என் பக்கம் மாத்தி வச்சுடுவாங்க."

 லூயிஸ் திரையின் ஒரு மூலையைக் காட்டினான். சடங்குப் பத்திரிகையைக் கடைசியாகச் சேமித்த நேரம் அங்கே இருந்தது. நேற்று, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று நாற்பது.

"நீ ஞாயித்துக்கெழமையே ஊருக்குப் பூட்டியே மாமா. ரெண்டு நாளா இதுல அத்தை மட்டும்தான வேலை செஞ்சிகீறாங்க?" என்று மெதுவாகக் கேட்டான். "நான் வந்து தொடும்போது இடது கைக்குத்தான் இருந்துச்சி."

 வெளியே கன்டெய்னர் லாரி ஒன்று போய், ஜன்னல் கம்பி அதிர்ந்து அடங்கியது. ஹால் மேசைமேல் வலப்பக்கம் என்ன இருந்தது என்று நோயல் நினைத்துப்பார்த்தான். ஒரு கட்டுத் தாள், அகராதி, அதன்மேல் அண்ணியின் மூக்குக் கண்ணாடிக் கூடு. ஆறு வருஷமாக அந்தக் கட்டு அங்கேயேதான் இருந்தது. மவுஸை வலப்பக்கம் வைக்க அங்கே இடமே இருந்ததில்லை. தினமும் பார்த்த மேசைதான். ஒன்றிரண்டு தடவை அவள் இடது கையால் மவுஸைத் தள்ளிக்கொண்டிருப்பதையும் பார்த்திருக்கிறான். வலது கையில் டீ டம்ளரோ, கையெழுத்துப் பிரதியோ இருந்திருக்கும். அதனால்தான் என்று விட்டுவிட்டான்.

இதில் இன்னொன்று. அண்ணி கம்ப்யூட்டரில் ரொம்ப மெது. டைப் அடிப்பது மழைபோல் விழும், ஆனால் படத்தை நகர்த்து, ஓரத்தை ஒதுக்கு என்றால் தடுமாறுவாள். முதல் வருஷம் ஒரு கல்யாணப் பத்திரிகை தாமதமாகி, பெண்ணின் அப்பா வாசலில் நின்று கத்திவிட்டுப் போனார். நோயல் அவளை எத்தனை தடவை கேலி பண்ணியிருக்கிறான்! "இன்னா அண்ணி, நீ மவுஸை தள்றதுக்குள்ள கப்பலே கெளம்பிப் பூடும்போல" என்பான். ஆமா, எனக்கு எங்க உன்ன மாதிரி வருது என்பாள். அதைக் கேட்டு அவனுக்குப் பெருமை வேறு. ஒரு கை உள்ளவன் ரெண்டு கை உள்ளவளை முந்துகிறான் என்ற பெருமை. அந்தப் பெருமையில்தான் அவன் தெருவில் தலை நிமிர்ந்து நடந்தான், கோயிலுக்குப் போனான், மகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டான். மறுபடி ஒரு நாள் மறந்துபோனால் இவன் மறுபடி எழுந்து போய்விடுவான் என்று பயந்து, அவள் மாற்றுவதையே விட்டிருக்கிறாள். அந்தப் பயத்தை ஆறு வருஷம் தன் இடது கையிலேயே வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"மாமா, மணி பத்தரை ஆவுது" என்றான் லூயிஸ்.

நோயல் கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு புதுப் பக்கம் ஒன்றைத் திறந்தான். மேலே சிலுவை வைத்தான். படம் எது என்பதில் அவனுக்குக் குழப்பமே இல்லை. போன வருஷம் கோயில் திருவிழாவில் எடுத்தது, யாரையோ கூப்பிட வாயைத் திறந்து பாதிச் சிரிப்போடு இருப்பாள். இறைவனில் இளைப்பாறினார் என்று அடித்தான். கட்டைவிரல் ஸ்பேஸ் பாரைத் தட்டியது, மற்றதை இடது கை பார்த்துக்கொண்டது. அடுத்த வரி பேர். திருமதி ரோசி அருள்பிரகாசம். உடைந்து ரெண்டு வரியாகத்தான் வந்தது. எழுத்தை ஒரு புள்ளி குறைத்தான், போதவில்லை. ஓரங்களை ஒதுக்கினான். சிலுவையைச் சின்னதாக்கினான். மறுபடி ஒரு புள்ளி. லூயிஸ் பின்னால் நின்று மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசி எழுத்து மேலே ஏறி வரியில் நின்றது.

கீழே, இப்படிக்கு என்ற இடத்தில் அண்ணன் பேரைப் போட்டான், குடும்பத்தார் என்று போட்டான். இந்த ஆறு வருஷத்தில் நன்றி என்ற சொல்லை அவன் எத்தனையோ அறிவிப்பில் கொட்டை எழுத்தில் அடித்திருக்கிறான். மலர்வளையம் வைத்தவர்களுக்கு நன்றி, வண்டி கொடுத்தவர்களுக்கு நன்றி, டீ கொடுத்தவர்களுக்கு நன்றி. தன் வாயால் அண்ணியிடம் ஒரு தடவை சொன்னதில்லை. கூடப் பிறந்ததுபோல் பழகியவளிடம் போய் அதைச் சொன்னால் அடிக்க வருவாள். அதையெல்லாம் நினைத்து இப்போது என்ன செய்ய என்று மேசையை விட்டு எழுந்தான்.

பிரஸ்காரர் பதினொன்று இருபதுக்கு வாங்கிக்கொண்டார். ஒரு மணிக்குக் கல்மண்டபம் வரைக்கும் சுவர்களில் அண்ணி பாதிச் சிரிப்போடு நின்றாள். பார்த்தவர்கள் நின்று படித்தார்கள். மீன் மார்க்கெட் பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டுப் படிக்கத் தெரிந்த ஒருத்தியைப் படிக்கச்சொல்லிக் கேட்டுவிட்டு, அப்படியே வீட்டுக்கு வந்தார்கள். அழுது முடித்து ஒருத்தி, பேரு அழகா வந்து கீது என்றாள்.

மூன்று மணிக்குப் பெட்டி வந்தது. அண்ணியைக் கல்யாணப் பட்டில் கிடத்தியிருந்தார்கள். தலையில் வெள்ளைப் பூமுடி, காலில் வெள்ளைச் சாக்ஸ், கையில் வெள்ளை கிளவுஸ். ஒவ்வொருவராக வந்து நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு நகர்ந்தார்கள். அருள்பிரகாசம் ரொம்ப நேரம் குனிந்திருந்தார். ரெண்டு பேர் தோளைப் பிடித்து நிமிர்த்தினார்கள். பிலோமினா அக்கா ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு, முத்தமெல்லாம் முடிந்தால் கைகளைச் சேர்த்துச் சுற்றிவிடலாம் என்று தலைமாட்டில் காத்திருந்தாள்.

நோயல் கடைசியில் வந்தான். நெற்றியில் முத்தம் கொடுத்தான். நகரவில்லை. பெட்டி ஓரத்தில் மண்டி போட்டு, அண்ணியின் இடது கையை எடுத்தான். கிளவுஸின் விரல் நுனிகளை ஒவ்வொன்றாக இழுத்தான். ஒரு கையால் அது லேசில் வரவில்லை. கட்டைவிரலையும் கொடுத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு உருவினான். சுற்றி நின்றவர்கள் என்னமோ என்று பார்த்தார்கள். வேணாங்க என்று ஜூடி பின்னாலிருந்து சொன்னாள்.

மணிக்கட்டும் உள்ளங்கையும் சேருகிற இடத்தில், மேசையில் ஊன்றி ஊன்றி, ஒரு ரூபாய்க் காசளவு தோல் தடித்துக் காய்த்திருந்தது. காய்ப்பின் வெடிப்புகளில் கறுப்பாகக் கரி ஏறியிருந்தது. நோயல் அதைப் பெருவிரலால் ஒருமுறை தடவினான். வலது கை கிளவுஸைக் கழற்றிப் பார்க்கத் தேவையில்லை; அதில் இது இருக்காது.

பிலோமினா அக்கா சங்கடத்தோடு குனிந்தாள். "குடு நோயலு, போட்டுடலாம். நாலு பேரு பாக்கறாங்க. கறுப்பு தெரியுது."

"இந்தக் கைக்கு வேணாங்க்கா."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவள் பார்வை, அண்ணியின் கையைப் பிடித்திருந்த அவனுடைய இடது கையில் விழுந்தது. அவன் மணிக்கட்டிலும் அதே இடத்தில், அதே அளவில், அதே கறுப்பு. ரெண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் அந்தக் கிளவுஸை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். ரெண்டு கைகளையும் சேர்த்து, வெறும் கை மேலே இருக்கும்படி வைத்து, ஜெபமாலையைச் சுற்ற ஆரம்பித்தாள்.